கையோடு கார் வருமா?

வாசகர் கேள்வி – பதில்

நாடு மாறுகிறவர்கள் காரைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை இடம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். கட்டணங்கள் அவ்வப்போது ஏறும், பணம் கட்டும் அன்று அந்தந்த அரசின் இணையதளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

*

கேள்வி: ஜெர்மனியில டோர்ட்முண்டில 14 வருசமா இருக்கிறம். கணவருக்கு லண்டனில வேலை கிடைச்சிருக்கு. ஹாரோ பக்கம் வீடு பார்க்கிறம். 2019இல வாங்கின கோல்ஃப் டீசல் நிக்குது. வரி கட்டாமல் கொண்டுபோகேலுமா? இடப்பக்க ஸ்டியரிங் எண்டால் அங்க பதிஞ்சு தருவினமா?
– டோர்ட்முண்ட் வாசகி

பதில்: இரண்டும் நடக்கும். ஆனால் வரிவிலக்கு தானாக வந்து விழாது. கார் கடலைத் தாண்டும் முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

பிரிட்டனின் வருவாய், சுங்கத் துறையான எச்எம்ஆர்சியிடம் டிஓஆர்1 என்ற படிவத்தில் விண்ணப்பியுங்கள். குடியிருப்பு மாற்றச் சலுகை என்பது இதுதான். நீங்கள் தொடர்ந்து 12 மாதமாவது பிரிட்டனுக்கு வெளியே வாழ்ந்திருக்க வேண்டும். காரை 6 மாதமாவது சொந்தமாக வைத்து ஓட்டியிருக்க வேண்டும். சலுகையில் வந்த காரை அடுத்த 12 மாதத்துக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ இரவல் கொடுக்கவோ கூடாது. பாஸ்போர்ட் நகல், பழைய முகவரிக்கும் புதிய முகவரிக்கும் சான்று, கொண்டுவரும் சாமான்களின் பட்டியல், காரின் மாடல், பதிவு எண், சேசிஸ் நம்பர் எல்லாம் கேட்பார்கள். ஒப்புக்கொண்டால் உங்களுக்கென ஒரு குறிப்பு எண் வரும். அந்த எண் கையில் இல்லாமல் பிரான்சின் கலே துறைமுகத்தில் போய் நிற்காதீர்கள்.

சலுகை இல்லாவிட்டால் எவ்வளவு? 12,000 பவுண்டு மதிப்புள்ள காருக்கு 10% சுங்கம் 1,200. அதையும் சேர்த்த 13,200க்கு 20% வாட் 2,640. ஆக 3,840 பவுண்டு. ஐரோப்பாவில் தயாரான கார் என்று முறையான மூலச்சான்று காட்டினால் சுங்கம் விலகலாம், வாட் விலகாது. தனியாள் அந்தச் சான்றை வாங்குவதும் லேசில்லை. டிஓஆர்1 நிரப்பும் ஒரு மாலை நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு.

ஜெர்மனியில் இருக்கும்போதே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கார் கடனில் இருந்தால் பதிவுச் சான்றின் இரண்டாம் பாகம், பேச்சு வழக்கில் 'பிரீஃப்', வங்கியிடம் இருக்கும். பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏ அசல் பதிவுச் சான்றைக் கேட்கும், நகல் செல்லாது. கடனை முடித்து பிரீஃபைக் கைக்கு எடுங்கள். லீஸிங் கார் என்றால் அது உங்கள் கார் இல்லை, சலுகைப் பேச்சே இல்லை. பதிவை ரத்து செய்துவிட்டு ஓட்டிவர, வலது ஓரத்தில் சிவப்புப் பட்டையும் அதில் காலாவதித் தேதியும் உள்ள ஏற்றுமதி நம்பர் பிளேட் வாங்க வேண்டும். அதற்கான காப்புறுதி குறுகிய காலத்துக்குத்தான் தருவார்கள். அதனால் பிளேட் வாங்கும் நாளைப் பயண நாளோடு ஒட்டி வையுங்கள்.

வந்து சேர்ந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் 'நோவா' என்னும் வாகன வருகை அறிவிப்பை எச்எம்ஆர்சிக்குக் கொடுத்தாக வேண்டும். பிந்தினால் நாளுக்கு 5 பவுண்டு அபராதம் விழலாம். அபராதத்தைவிடப் பெரிய தொல்லை, நோவா முடியாமல் டிவிஎல்ஏ உங்கள் விண்ணப்பத்தைத் தொடவே தொடாது. டிஓஆர் குறிப்பு எண்ணை இங்கே தவறவிட்டால் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும், பிறகு அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அடுத்தது ஒர்க்ஷாப் வேலை. 10 வயதுக்குட்பட்ட கார் என்பதால் தர ஒப்புதல் தேவை. ஐரோப்பிய ஒப்புதலுடன் வந்த இடப்பக்க ஸ்டியரிங் காருக்கு விசிஏ என்ற அமைப்பு 100 பவுண்டு வாங்கிக்கொண்டு ஒரு மாற்றச் சான்று தருகிறது. காரை எங்கும் கொண்டுபோய்க் காட்ட வேண்டியதில்லை, காகிதத்திலேயே முடியும். அதற்குக் கம்பெனியின் ஒத்திசைவுச் சான்று வேண்டும். கார் வாங்கியபோது கொடுத்த கோப்பில் 'சிஓசி' என்று இருக்கும், தொலைத்திருந்தால் கம்பெனியிடம் பணம் கட்டி மறுபடி எடுக்கலாம். அதோடு மூன்று மாற்றங்களைச் செய்ததற்கு ஒர்க்ஷாப் ஆதாரம்.

முதலாவது ஸ்பீடாமீட்டர். மணிக்கு எத்தனை மைல் என்று காட்ட வேண்டும். கிலோமீட்டர் மட்டும் அச்சிட்ட டயல் என்றால் மைல் எண் போட்ட முகப்பை மாற்றுவார்கள்.

இரண்டாவது ஹெட்லைட். இரவில் காரைச் சுவருக்கு ஐந்து மீட்டர் எதிரே நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு நேராகப் போய், வலப்பக்கம் மேலே எகிறும். ஜெர்மனியில் அந்த எகிறல் நடைபாதையைக் காட்டும். பிரிட்டனில் எதிரே வருகிறவனின் கண்ணில் குத்தும். சுற்றுலாப் பயணிகள் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கர் நிரந்தரப் பதிவுக்கு உதவாது. இடப்பக்கம் எகிறும் பிரிட்டன் விளக்கு இரண்டையும் வாங்கி மாட்ட வேண்டும். மொத்தச் செலவில் பெரிய துண்டு இதுதான். எல்இடி விளக்குள்ள கார் என்றால் புதிதின் விலை மலைக்க வைக்கும், பழைய உதிரிப்பாகக் கடையைத் தேடுங்கள்.

மூன்றாவது பின்பக்க மூடுபனி விளக்கு. ஒன்றே ஒன்று இருந்தால் அது நடுவிலோ வலப்பக்கமோ இருக்க வேண்டும். ஜெர்மன் காரில் இடப்பக்கம் இருக்கும். வலப்பக்க விளக்கைக் கழற்றிப் பார்த்தால் பல கார்களில் அதற்கான கிண்ணம் மட்டும் இருக்கும், ஹோல்டரும் ஒயரும் இருக்காது. ஒயர் இழுத்துக் கொடுத்தால் அரை மணி நேர வேலை. கிண்ணமும் இல்லாத மாடலில் விளக்குத் தொகுதியையே மாற்ற வேண்டும்.

இந்த மூன்றையும் முடித்தபிறகே எம்ஓடி என்னும் வாகனத் தகுதிச் சோதனைக்குப் போங்கள். மூன்று வயது தாண்டிய காருக்கு எம்ஓடி கட்டாயம், வலப்பக்கம் எகிறும் டிம் லைட்டோடு போனால் ஃபெயில். இன்னும் நம்பர் பிளேட் வராததால் எம்ஓடியும் காப்புறுதியும் சேசிஸ் நம்பரை வைத்துப் போடப்படும். எல்லாக் காப்புறுதிக் கம்பெனியும் அப்படிப் போடாது, போடும் கம்பெனியை வருமுன்பே போனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் காப்புறுதிக் கம்பெனியிடம் விபத்தில்லா ஆண்டுகளுக்கான சான்றை வாங்கிவர மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் 14 வருட அனுபவமும் பூச்சியம்தான். கடைசியாக வி55/5 படிவம், 55 பவுண்டு பதிவுக் கட்டணம், சாலை வரி, எம்ஓடி, காப்புறுதிச் சான்று, விசிஏ சான்று, அசல் ஜெர்மன் பத்திரம், அடையாளச் சான்று எல்லாம் ஒரே உறையில் ஸ்வான்சீயிலுள்ள டிவிஎல்ஏவுக்கு. அனுப்புமுன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். உறை திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம், ஏதோ ஒரு தாளில் சேசிஸ் நம்பர் ஒரு எழுத்து பிசகியிருப்பது. அதில் 17 எழுத்துகள் உண்டு. ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வரவே வராது. எங்காவது 'ஓ' தெரிந்தால் அது பூச்சியம்.

லண்டன் என்பதால் இன்னொன்று. 2023 ஆகஸ்ட் 29 முதல் ஹாரோ உட்பட லண்டன் பெருநகரத்தின் எல்லா வட்டாரமும் யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிக்குக் கட்டணம் வாங்கும் மண்டலம். டீசல் கார் யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் குறைந்தால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு, கிறிஸ்துமஸ் நாள் மட்டும் விதிவிலக்கு. உங்கள் 2019 கார் புதிதாக வாங்கியது என்றால் யூரோ 6ஆகத்தான் இருக்கும். ஜெர்மன் பதிவுச் சான்றின் முதல் பாகத்தில் 14ஆம் கட்டத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். 2014 மாடல் யூரோ 5 டீசலை வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் 'விற்றுவிட்டு வாருங்கள்' என்று ஒரே வரியில் முடித்திருப்போம். வருடத்தில் 250 நாள் ஓட்டினால் 3,125 பவுண்டு போகும்.

*

கேள்வி: டல்லாஸில் எச்1பி விசாவில் ஒன்பது வருடம். கனடா பிஆர் (நிரந்தரமாக வாழும் அனுமதி) கிடைத்து, போன வருடமே ஒரு வார இறுதியில் எல்லைக்குப் போய் லேண்டிங் என்னும் முதல் வருகைப் பதிவை முடித்துவிட்டோம். இப்போது மிசிசாகாவுக்கு நிரந்தரமாகக் கிளம்புகிறோம். 2021 ஹைலேண்டர், கடன் இன்னும் 18 மாதம் பாக்கி. ஓட்டிக்கொண்டே போய்விடலாமா?
– டல்லாஸ் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் 'போன வருடமே லேண்டிங்' என்ற இடத்தில்தான் எங்களுக்கு நெருடுகிறது. அன்று எல்லையில் கனடா சுங்கத்திடம் சாமான் பட்டியல் கொடுத்தீர்களா? குடியேறுபவர் தாம் ஏற்கெனவே சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய பொருளை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆனால் பின்னால் வரப்போகும் சாமான்களையும் முதல் வருகையின்போதே பட்டியலிட்டு பிஎஸ்எஃப்186 படிவத்தில் பதிய வேண்டும். காரின் பெயர், மாடல், சேசிஸ் நம்பர் அதில் இருந்தால் கவலை இல்லை, அந்தத் தாளோடு போங்கள். வார இறுதி லேண்டிங்கில் பலர் முத்திரை குத்திக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், பட்டியலை மறந்துவிடுகிறார்கள். மறந்திருந்தால் காரை லேண்டிங்குக்கு முன்பே வாங்கிய ஆதாரங்களோடு போய் அதிகாரியிடம் விளக்க வேண்டியிருக்கும், முடிவு அவர் கையில். லேண்டிங்குக்குப் பிறகு வாங்கிய கார் என்றால் விளக்கமே கிடையாது. 5% ஜிஎஸ்டியில் தொடங்கி எல்லா வரியும் வரும். சலுகையில் வந்த காரை 12 மாதத்துக்குள் விற்றாலும் வரி கட்டவேண்டி வரும்.

இனி கடன். கார் எல்லையைத் தாண்டுமுன் அமெரிக்கச் சுங்கமும் 'ஏற்றுமதி' என்று முத்திரை போட வேண்டும், அதற்கு டைட்டில் என்னும் உரிமைப் பத்திரம் வேண்டும். கடன் இருந்தால் டைட்டில் கடன் கொடுத்தவரிடம் இருக்கும், காரை நாட்டை விட்டுக் கொண்டுபோகச் சம்மதம் என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பிணையை நாடு கடத்த எந்த வங்கி விரும்பும்? பெரும்பாலும் மறுப்பார்கள். பாக்கியைக் கட்டி முடிப்பதுதான் வழி. கட்டிய மறுநாளே டைட்டில் வந்துவிடும் என்று நம்பிப் பயணத் தேதி குறிக்காதீர்கள். மின்னணு டைட்டிலாக இருந்தால் காகிதத்தில் கேட்டு வாங்க வாரக்கணக்கில் ஆகும்.

டைட்டில் வந்ததும் ஏஇஎஸ் என்ற அமெரிக்க ஏற்றுமதிப் பதிவில் காரைப் பதிந்து ஐடிஎன் எண் எடுக்க வேண்டும். தனியாள் சோஷியல் செக்யூரிட்டி நம்பரை வைத்து இதைப் பதிய முடியாது. ஃபார்வர்டர் என்னும் சரக்கு அனுப்பும் முகவரிடம் பணம் கொடுத்துப் பதியச் சொல்வதுதான் வழக்கம். பிறகு நீங்கள் கடக்கப்போகும் அதே பாலத்தின் அமெரிக்க ஏற்றுமதி அலுவலகத்துக்கு 72 மணி நேரம் முன்பாகக் காகிதங்கள் போய்ச் சேர வேண்டும். பஃபலோவுக்கு அனுப்பிவிட்டு டெட்ராய்ட் வழியாகப் போகக்கூடாது. இந்த அலுவலகங்கள் பல இடங்களில் வார நாட்களில் பகலில் மட்டுமே திறந்திருக்கும். டல்லாஸிலிருந்து இரண்டு நாள் ஓட்டி சனிக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தால் திங்கள்வரை ஓட்டல் வாசம்தான்.

கனடா பக்கம் எல்லை அதிகாரிகள் முதலில் காரைப் பார்ப்பதில்லை, கதவைப் பார்ப்பார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தயாரித்த மாதம், வருடம், சேசிஸ் நம்பர், அமெரிக்கப் பாதுகாப்புத் தரங்களுக்கு ஏற்ப இந்த வாகனம் தயாரிக்கப்பட்டது என்ற வாசகம். இது கிழிந்தோ பெயிண்ட் அடித்து மறைந்தோ இருக்கக்கூடாது. 15 வயதுக்குட்பட்ட அமெரிக்க காரை கனடா அனுமதிப்பது இந்த ஸ்டிக்கரையும், டிரான்ஸ்போர்ட் கனடா வெளியிடும் அனுமதிப் பட்டியலையும் வைத்துத்தான். பட்டியலில் உங்கள் மாடலுக்கு நேரே பகல் விளக்கு, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத கருவி) பற்றிய குறிப்பு ஏதாவது இருந்தால் படித்துவிடுங்கள். 2007 செப்டம்பருக்குப் பின் தயாரான காரில் இம்மொபிலைசர் கட்டாயம். கம்பெனியிலேயே அது பூட்டப்படாத சில மாடல்களுக்குப் பிறகு பூட்டிச் சரிக்கட்ட முடியாது.

எல்லையில் ஃபார்ம் 1 என்ற இறக்குமதிப் படிவம் தருவார்கள். அதன்பின் ஆர்ஐவி என்னும் இறக்குமதிப் பதிவகத்துக்குக் கட்டணம் கட்டி, ரீகால் (குறைபாட்டைச் சரிசெய்யக் கம்பெனி விடுக்கும் அழைப்பு) எதுவும் பாக்கியில்லை என்று கார் கம்பெனி தரும் சான்றை அனுப்பினால் ஆய்வுப் படிவமான ஃபார்ம் 2 வரும். அதோடு கனேடியன் டயர் கடை போன்ற அங்கீகரித்த இடத்தில் ஆய்வு. எல்லை தாண்டிய நாளிலிருந்து 45 நாளுக்குள் இது முடிய வேண்டும். ரீகால் பாக்கி இருந்து, உதிரிப்பாகம் வர மூன்று மாதம் ஆகும் என்று டீலர் கையை விரித்தால் மொத்தமும் நின்றுவிடும். டல்லாஸிலேயே டீலரிடம் சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்த்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

டெக்சாஸ் லைசென்ஸைக் கொடுத்து ஒன்டாரியோவின் முழு ஜி லைசென்ஸ் வாங்கலாம், இரண்டு வருட அனுபவத்துக்குச் சான்று இருந்தால் போதும். இன்சூரன்ஸ் தொகையைக் கேட்டு அதிராதீர்கள். டொராண்டோ வட்டாரத்தில் அது எல்லோருக்கும் அப்படித்தான். டெக்சாஸ் கம்பெனியிடம் உங்கள் க்ளெய்ம் வரலாற்றைக் கடிதமாக வாங்கிப் போனால் கொஞ்சம் இறங்கும்.

*

கேள்வி: துபாயில் 11 வருட வேலை முடிந்து நாகர்கோவிலுக்கே திரும்புகிறேன். 2022 பிராடோ, ஒரு கீறல் கிடையாது. டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸில் கொண்டுவரலாம் என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றியும் தருவாராம்.
– துபாய் வாசகர்

பதில்: ஏஜெண்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடவில்லையே?

1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 2(3) பிரிவு 'பயணச் சாமான்' என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே மோட்டார் வாகனத்தை விலக்கிவிட்டது. குடியிருப்பு மாற்றச் சலுகை சாமான்களுக்குத்தான். வாஷிங் மெஷின் வரும், பிராடோ வராது. முழு வரி கட்டிக் கொண்டுவரலாம் என்றாலும் பழைய காருக்கான விதிகள் வரிசையாக மறிக்கும். தயாரித்த தேதியிலிருந்து மூன்று வயதுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. முதல் பதிவுத் தேதியை எண்ணக்கூடாது, 2022இல் தயாரான கார் இங்கேயே விழுந்துவிடும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், ஹெட்லைட் இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே பழைய கார் வரலாம், தூத்துக்குடியோ கொச்சியோ ஆகாது. ஏற்றுமுன் ஒரு சான்று, இறங்கியபின் புனேயின் ஏஆர்ஏஐ வாகன ஆய்வு மையம் போன்ற இடத்தில் சோதனை. இத்தனையும் தாண்டினால் வரி காரின் விலையையே விழுங்கும்.

ஸ்டியரிங் மாற்றுவது என்பது டேஷ்போர்டு, ஏர்பேக், பிரேக் பெடல் இணைப்பு, ஸ்டியரிங் ராக், வைப்பர் என்று காரின் முன்பாதியையே பிரித்துப் போடுவது. வயதுத் தடையை அது நீக்கப்போவதும் இல்லை.

கேரளத்தில் துபாய் நம்பர் பிளேட்டோடு கார் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கார்னெட் என்னும் தற்காலிக அனுமதி. காரைப் பதிந்த நாட்டின் வாகனச் சங்கத்திடம் பிணைத்தொகை கட்டி வாங்குவது. ஆறு மாதத்துக்குள் கார் திரும்பிப் போயாக வேண்டும். ஊரோடு திரும்புகிறவருக்குப் பயன்படாது.

துபாயிலேயே விற்றுவிடுங்கள், விசாவை ரத்து செய்யும் முன்பே. பெயர் மாற்றத்துக்கு உயிரோடுள்ள எமிரேட்ஸ் ஐடி தேவை, அபராதம் பாக்கி இருந்தால் அதையும் தீர்க்க வேண்டும். கடைசி வாரத்தில் விற்கிறீர்கள் என்று டீலருக்குத் தெரிந்தால் விலையை அவர் சொல்வார்.

*

கேள்வி: சிங்கப்பூரில் நிரந்தரவாசி. ஆஸ்திரேலிய பிஆர் வந்துவிட்டது, பெர்த் போகிறோம். நம் ஸ்டியரிங்கும் வலப்பக்கம், அவர்களுடையதும் வலப்பக்கம். காரை ஏற்றிவிடலாம்தானே?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ஸ்டியரிங் ஒத்துப்போவது ஒரு படிதான். ஆஸ்திரேலியாவில் 2021 ஜூலை முதல் புதிய வாகனத் தரச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 'ரோவர்' என்ற அரசுத் தளத்தில் சொந்த இறக்குமதி அனுமதி பெற்ற பிறகே கார் கப்பலேற வேண்டும். வெளிநாட்டில் தொடர்ந்து 12 மாதமாவது அது உங்கள் சொந்தமாக இருந்து நீங்கள் ஓட்டியிருக்க வேண்டும். வாங்கிய ரசீது, பதிவு, காப்புறுதி, நீங்கள் அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் இருந்ததற்கான பயணப் பதிவு எல்லாம் கேட்பார்கள். அனுமதியில்லாமல் போய் இறங்கிய காரைத் திருப்பி அனுப்புவதும் அழிப்பதும் உங்கள் செலவில்தான்.

வரியில் குடிபெயர்வோருக்கென்று காருக்குச் சலுகை கிடையாது. வீட்டுச் சாமான் சலுகையில் மோட்டார் வாகனம் சேராது. சுங்கம் பொதுவாக 5%, அதன்மேல் கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்து ஜிஎஸ்டி 10%, வரம்பைத் தாண்டிய சொகுசு கார் என்றால் மிகுதிக்கு 33% வரி. உங்கள் சிங்கப்பூர் ரசீதில் சிஓஇ என்னும் கார் வைத்திருக்கும் உரிமத்தின் விலையும் ஏஆர்எஃப் என்னும் கூடுதல் பதிவுக் கட்டணமும் கலந்து விலை ஊதியிருக்கும். காரின் அடிப்படை மதிப்பைத் தனியாகப் பிரித்துக் காட்டும் ஆவணங்களைச் சுங்கத் தரகரிடம் முன்கூட்டியே கொடுங்கள்.

சிங்கப்பூரில் பதிவை நீக்கும்போது, மீதமுள்ள சிஓஇ காலத்துக்கான தொகையும், பத்து வயதுக்குட்பட்ட கார் என்றால் பார்ஃப் என்னும் பதிவுக் கட்டணக் கழிவும் திரும்ப வரும். ஏற்றுமதி செய்ததற்கான சான்றை ஒரு மாதத்துக்குள் காட்ட வேண்டும். கப்பல் தேதி உறுதியாகாமல் பதிவை நீக்கினால் இந்த ஒரு மாதம் கழுத்தைப் பிடிக்கும்.

ஆஸ்திரேலியாவின் தூய்மைச் சோதனையை யாரும் குறைத்து எடைபோடக்கூடாது. கார் கழுவும் கடையில் நுரை போட்டுத் துடைப்பது போதாது. வைப்பருக்குக் கீழே உள்ள கருப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால் காய்ந்த இலையும் விதையும் ஒரு கைப்பிடி தேறும். சக்கர வளைவின் உள்விளிம்பில் மண், ரேடியேட்டர் இடுக்குகளில் பூச்சி, ஸ்டெப்னி குழியில் மணல், குழந்தை இருக்கைக்குக் கீழே முறுக்குத் துண்டும் அரிசியும். இவை கண்ணில் பட்டால் துறைமுகத்திலேயே உங்கள் செலவில் மறுபடி கழுவச் சொல்வார்கள். இடவாடகை ஒவ்வொரு நாளும் ஏறும். பழைய கார் என்றால் பிரேக் லைனிங், கேஸ்கெட்டுகளில் கல்நார் இல்லை என்பதற்கும் ஆதாரம் தேவை. 2003 டிசம்பர் 31 முதல் அங்கே கல்நார் இறக்குமதிக்கு முழுத்தடை.

*

கேள்வி: கோவையிலிருந்து மகனோடு கனடா போகிறோம். கிரெட்டா புதுசு, எடுத்துப் போகலாமா?
– கோவை வாசகி

பதில்: முடியாது. அமெரிக்காவிலிருந்து வராத கார், கனடாவின் தரத்துக்குத் தயாரிக்கப்படாததாக இருந்தால், 15 வயது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்கா இன்னும் கெடுபிடி, அங்கே 25 வயது. உங்கள் கிரெட்டாவின் கதவுத் தூணில் அந்த ஸ்டிக்கர் இல்லை.

*

கேள்வி: காரை ரோரோ கப்பலில் அனுப்புவதா, கண்டெய்னரிலா? இன்சூரன்ஸ் அவசியமா?
– பெயர் எழுதாத வாசகர்

பதில்: ரோரோ என்றால் துறைமுக ஊழியர் உங்கள் காரை ஓட்டிக் கப்பலுக்குள் நிறுத்துவார். கூலி பொதுவாகக் குறைவு. ஆனால் காருக்குள் சாமான் வைக்க விடமாட்டார்கள், வைத்தாலும் பொறுப்பில்லை. டேங்கில் கால் பங்குக்கு மேல் எரிபொருள் கூடாது. ஒரு சாவியை மட்டும் கொடுங்கள், அலாரத்தை அணையுங்கள், கிலோமீட்டரையும் நான்கு பக்கத்தையும் தேதியோடு படம் எடுங்கள். கண்டெய்னரில் வீட்டுச் சாமானையும் சேர்த்து ஏற்றலாம், வெளியார் கை படாது. டேங்கை ஏறக்குறைய காலி செய்து பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். சக்கரத்தைக் கட்டையும் பட்டையும் போட்டு இறுக்கத் தெரிந்தவர் ஏற்ற வேண்டும். பட்டையை அச்சில் கட்டாமல் பம்பரில் கட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், ஏற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

இன்சூரன்ஸ் அவசியம். கீறலுக்காக இல்லை. 2022 பிப்ரவரியில் சுமார் 4,000 கார்களோடு போன ஃபெலிசிட்டி ஏஸ் கப்பல் அசோரஸ் தீவுகளருகே தீப்பிடித்து, மார்ச்சில் மூழ்கியது. அதைவிட யாரும் எதிர்பாராத ஒன்று உண்டு, 'பொதுச் சராசரி' என்பார்கள். கப்பல் ஆபத்தில் மாட்டி, அதை மீட்கச் செலவானால் அந்தச் செலவைக் கப்பல்காரரும் சரக்குக்காரர் எல்லோரும் மதிப்புக்கேற்பப் பங்கிட வேண்டும். 2021இல் சூயஸில் சிக்கிய எவர் கிவன் கப்பலுக்கு இதைத்தான் அறிவித்தார்கள். உங்கள் காரில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம், பங்குக்கான உத்தரவாதம் கொடுக்காமல் காரைத் தரமாட்டார்கள். காப்புறுதி இருந்தால் அந்த உத்தரவாதத்தைக் கம்பெனி கொடுக்கும், இல்லாவிட்டால் நீங்கள் ரொக்கமாகக் கட்ட வேண்டும். 'முழு இழப்பு மட்டும்' என்ற மலிவான பாலிசியிலும் பொதுச் சராசரி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

காரை எடுக்கும் நாளில் நீங்கள் அந்த ஊரில் இருக்க வேண்டும், அல்லது யாருக்காவது முறையான அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். துறைமுகம் தரும் இலவச நாட்கள் சில மட்டுமே. விசா தாமதமாகி நீங்கள் சென்னையில் உட்கார்ந்திருந்தாலும் வாடகை மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.